ஆணி அறியாமல் தைத்தார்களா?

மாட்டுங்காவில் அண்மையில் நடந்த கருத்தரங்கு ஒன்றில், தையல் கப்பலைப் பற்றிப் பேசிய பேராசிரியர் ஒருவர், ‘அக்காலத்தவர்க்கு ஆணியின் பயன் தெரியாது, ஆகவே பலகைகளைக் கயிற்றால் தைத்தனர்’ என்று ஒரே வாக்கியத்தில் ஒரு பெருந்தொழிலின் வரலாற்றை முடித்து வைத்தார். அவையில் எவரும் மறுக்கவில்லை. நானும் எழவில்லை. ஆய்வு மாணவி எழுந்தால் என்ன நேரும் என்பதை இதை வாசிக்கும் ஆய்வு மாணவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அன்று விழுங்கியதை இங்கே எழுதுகிறேன்.

முதலாவதாக, இக்கருத்து புதியதன்று. 6ஆம் நூற்றாண்டுப் பைசாந்திய வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் இதையே எழுதினார். இந்தியக் கடலில் ஓடும் கலங்கள் ஆணியின்றிக் கயிற்றால் பிணைக்கப்பட்டவை என்றார். கடலடிக் காந்தப் பாறைகள் இரும்பை இழுத்துவிடும் என்ற கதையை நியாயமாகவே மறுத்தார். பிறகு, அம்மக்களிடம் இரும்பே இல்லை என்று தம் காரணத்தைச் சொன்னார். அவருக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, ‘எரித்திரியக் கடற்பயண நூல்’ அரியாக்கேயிலிருந்து, அதாவது நாம் அமர்ந்து பேசும் இந்த மேற்குக் கரையின் வடபகுதியிலிருந்து, இரும்பும் எஃகும் எத்தியோப்பியத் துறைகளுக்குச் சென்றதைப் பதிவு செய்திருக்கிறது. ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு கிடைத்த இரும்புக் கருவிகளை நம் மாணவர்கள் பாடத்திலேயே படிக்கின்றனர். வாளும் ஈட்டியும் வடித்தவனுக்கு ஆணி வடிக்கத் தெரியாது என்று நம்புவதற்குப் புரோகோப்பியஸுக்காவது தொலைவு என்ற சாக்கு இருந்தது.

ஆணி மலிந்திருந்த காலத்துச் சென்னையைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் துறைமுகச் சுவர்கள் எழும் வரை, ஆங்கிலேயரின் கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்றன. ஆளுநர் முதல் அஞ்சல் மூட்டை வரை அனைத்தும் அலை உடையும் இடத்தைக் கடந்தது மசூலா என்று அவர்கள் எழுதிய படகில். அதில் விலாச்சட்டம் இல்லை. பலகையோடு பலகையைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருந்தனர். விறைப்பாக அறையப்பட்ட ஐரோப்பியப் படகு அந்த அலையில் கரையை மோதி உடையும்; தைத்த படகு வளைந்து கொடுத்து மணலில் ஏறும். உலகின் பெருங்கடற்படையை வைத்திருந்தவர்கள், இரும்புப் பஞ்சம் ஏதுமின்றி, பல தலைமுறைகள் இந்தத் தையலை நம்பித் தம் உயிரை ஒப்படைத்தனர்.

தையலின் கடினம் கயிற்றில் இல்லை, பலகையில் இருக்கிறது. ஐரோப்பாவின் பிற்கால முறையில் வங்கு எனப்படும் விலாச்சட்டங்களை முதலில் நிறுத்தி, அவற்றின்மேல் பலகையை அறைவர். கலத்தின் வடிவத்தைச் சட்டம் சொல்லிவிடும். தையல் முறையில் ஏராவின் மேல் பலகைகளே முதலில் ஏறுகின்றன. வங்கு பின்னர்தான் வரும், மசூலாவில் அதுவும் இல்லை. ஆகவே கலத்தின் வளைவு முழுவதும் ஒவ்வொரு பலகையின் விளிம்பிலும் முன்கூட்டியே செதுக்கப்பட்டிருக்க வேண்டும். பலகையை ஆவியில் வேகவைத்து வளைத்து, கீழ்ப் பலகையின் மேல் வைத்து, பொருந்தாத இடத்தை இழைத்து, மீண்டும் வைத்து, இடையில் வெளிச்சம் தெரியாத வரை இதைத் தொடர வேண்டும். பிறகுதான் இரு விளிம்பிலும் எதிரெதிராகத் துளையிட்டு, இணைப்பின் மேல் நாரைத் திரித்து வைத்து, இறுக்கித் தைத்து, துளைகளை அடைக்கின்றனர்.

தூத்துக்குடிப் பக்கம் தோணி வேலை செய்து, முதுமையில் மகன் வீட்டோடு தாராவிக்கு வந்துவிட்ட ஆசாரி ஒருவரிடம் பேராசிரியரின் வாக்கியத்தைச் சொன்னேன். அவர் வாழ்நாளெல்லாம் ஆணி அடித்தவர். “ஏம்மா, ஆணி அடிக்கிறதவிடத் தைக்கிறதுக்கு வேல ஜாஸ்தி. தெரியாதவனா அதச் செய்வான்?” என்றார். அன்றைய அவையில் இக்கேள்வியை எழுப்ப ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது ‘கௌண்டின்யா’ குறித்துப் பெருமிதப் பதிவுகள் வந்துகொண்டே இருக்கின்றன. அஜந்தாவின் 5ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றை அடிப்படையாகக் கொண்டு, 2023 செப்டம்பரில் கோவாவில் ஏரா வைத்து, 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்க்கப்பட்ட கலம் அது. எனக்கும் அதில் மகிழ்ச்சிதான். ஆனால் ஓவியத்தில் பலகையின் உட்புறம் தெரிவதில்லை. அக்கலம் நீரில் நின்றதற்குக் காரணம், பாபு சங்கரன் தலைமையில் வந்த கேரளக் கைவினைஞர்களின் கையில் அந்த அறிவு இன்னும் உயிரோடு இருந்ததே. மாதிரி உருவைத் தண்ணீர்த் தொட்டியில் சோதித்த சென்னை ஐஐடிக்கு ஓர் ஆய்வறிக்கை எழுதத் தெரியும். பலகையை இழைத்தவர்களின் சொற்களை யார் எழுதினார்கள்?

இங்கேதான் நம் துறையின் மீதும் எனக்குச் சினம் வருகிறது. என் ஆய்வேட்டின் சொற்றொகுதியை வாசித்த மூத்த ஆய்வாளர் ஒருவர், ‘கலப்பற்று’ என்ற சொல்லை நீக்கச் சொன்னார்; அது தமிழன்று என்பது அவர் வாதம். பலகை இடுக்கில் பஞ்சு திணித்து நீர்க்கசிவை அடைக்கும் வேலைக்குரிய சொல் அது. ஆசாரி அதைக் ‘கலப்பத்து’ என்கிறார். பேப்பூரில் உரு கட்டுவோரிடமும் இதன் ஒரு வடிவம் உண்டு. அரபியில் கல்ஃபத், போர்த்துகீசியத்தில் கலஃபெத்தார். 11ஆம் நூற்றாண்டில் கான்ஸ்தாந்திநோபிளை ஆண்ட ஐந்தாம் மிக்கேல், தந்தையின் இத்தொழிலால் ‘கலஃபாத்தேஸ்’ என்றே அழைக்கப்பட்டான். பேச்சில் வரும் த்து எழுத்தில் ற்று ஆகலாம் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. அகராதிகள் அவ்வாறே எழுதின. சொல்லும் கலம், பற்று என்று பிரிவது போன்ற முகத்தைப் பெற்றது.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நார் வைத்துத் தைத்த கலத்தில் இணைப்பைத் தையலே அடைக்கிறது. அறைந்த பலகைக்கே இடுக்கில் பஞ்சைத் தனியே திணிக்க வேண்டும். அந்த வேலை கடல்வழியே வந்த ஆட்களோடு வந்தபோது பெயரும் உடன் வந்தது என்றே கருதுகிறேன். ஏரா, வங்கு, அணியம் ஆகியவற்றின் அருகில் இச்சொல்லும் நின்றால்தான் எந்த வேலை எப்போது நம் கரைக்கு வந்தது என்று கேட்கவே முடியும். சொல்லை நீக்கிவிட்டு அதனிடத்தில் ஒரு தூய கலைச்சொல்லை ஆக்கி வைத்தால், அதைச் சொல்லப் போகும் ஆசாரி எவரும் இல்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வந்து குவிந்த ஃபைபர் படகுகளில் திணிக்க இடுக்கும் இல்லை.

கலப்பற்று என் மூன்றாம் இயலில் இருக்கிறது. வாய்மொழித் தேர்வில் கேட்கட்டும். செம்பூரிலோ தாராவியிலோ, தோணி, வள்ளம், வத்தை கட்டிய குடும்பத்தவர் உங்கள் அறிமுகத்தில் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒலிப்பதிவுக் கருவியோடு வருகிறேன்.