தனியில் எழுந்து போனவன்

"இலவசம்" என்ற சொல்லுக்கு நம் ஊரில் இரண்டு விதமான பலன் உண்டு. கல்யாணப் பந்தி இலவசமென்றால் இடம் கிடைக்காது. கச்சேரி இலவசமென்றால் இடம் நிரம்பாது!

நேயர்களே, இந்த வாரம் தங்கள் முன்னால் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன். சென்ற மார்கழியில் ஒரு பகல் வேளையில் செய்த குற்றம். சட்டப் புத்தகத்தில் இதற்குத் தண்டனை கிடையாது. ஆனால் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் எனக்குத் தண்டனை கொடுத்துவிட்டான். அவனுக்கே அது தெரியாது.

மார்கழியில் சென்னை சபாக்களில் காலையிலிருந்து இரவு வரையில் கச்சேரி நடப்பது தாங்கள் அறிந்ததுதான். மாலைக் கச்சேரி பெரிய வித்வான்களுடையது. அதற்கு டிக்கெட் உண்டு. உச்சி வேளையிலும் பிற்பகல் இரண்டு மணிக்கும் நடக்கும் கச்சேரிகளுக்குப் பல சபாக்களில் டிக்கெட் கிடையாது. யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம். அந்த வேளையில் பாடுகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். பக்கவாத்தியத்துக்கு மட்டும் சில சமயம் அனுபவமுள்ள வித்வான் ஒருவர் வந்து உட்கார்ந்திருப்பார்.

அடியேன் தாம்பரம்வாசி. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் விட்டார்களே, அந்தப் புண்ணியத்தால்தான் எங்கள் பக்கத்து ஜனங்களின் காதில் தலைமுறை தலைமுறையாகச் சங்கீதம் விழுந்து வருகிறது. சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று ஒவ்வொரு நிலையத்திலும் மார்கழியில் ரசிகர்கள் ஏறுவார்கள். மாம்பலத்தில் இறங்கி நடந்தால் தியாகராய நகர் சபாக்கள் வந்துவிடும். அப்படித்தான் அன்றைக்கும் போனேன்.

மண்டபத்தில் மின்விசிறிகள் அதிகமா, மனிதர்கள் அதிகமா என்று எண்ணிப் பார்த்தேன். மின்விசிறிகள்தாம் ஜெயித்தன. பாடிய பெண்ணுக்குப் பதினெட்டு வயது இருக்கலாம். நல்ல சாரீரம், கொஞ்சம் பயம். மிருதங்கத்துக்கு உட்கார்ந்திருந்தவர் தலை நரைத்த பெரியவர். அவருக்குப் பக்கத்தில் கஞ்சிராவுடன் ஒரு பையன். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் ஜமக்காளத்தில் பாதி இடத்தைக்கூட அவன் அடைக்கவில்லை.

பெண் காம்போதியில் பிரதான உருப்படியைப் பாடி முடித்தாள். தனி ஆவர்த்தனம் ஆரம்பமாயிற்று. உடனே என்ன நடந்திருக்குமென்று தாங்களே ஊகித்திருப்பீர்கள். இருந்தவர்களில் பாதிப்பேர் எழுந்தார்கள். அவர்களில் நானும் ஒருவன். சபாக் கான்டீனில் அன்றைக்குக் கீரை வடை என்று ரயிலிலேயே ஒருவர் தகவல் சொல்லியிருந்தார். வடை பிரமாதமாகத்தான் இருந்தது. இரண்டாவது வடையை முடித்துக்கொண்டு நான் திரும்பியபோது பெண் மங்களம் பாடிக்கொண்டிருந்தாள்.

குற்றம் இதுதான். இனித் தண்டனையைக் கேளுங்கள்.

திரும்பி வரும்போது ரயிலில் எதிர் இருக்கையில் அதே பையன்! பக்கத்தில் தகப்பனார். பையனின் மடியில் துணிப்பையில் சுற்றிய கஞ்சிரா.

"மத்தியானக் கச்சேரியிலே வாசிச்சது நீதானே தம்பி?" என்று கேட்டேன்.

பையன் முகம் விளக்குப் போட்டது போல மலர்ந்தது. "நீங்க வந்திருந்தீங்களா தாத்தா?"

"வந்திருந்தேனே!"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "குறைப்பிலே ஒரு இடத்திலே நான் தப்புப் பண்ணிட்டேன். சார்தான் எடுத்துக் கொடுத்துச் சமாளிச்சார். அது வெளியிலே தெரிஞ்சுதா?"

நேயர்களே, நான் என்ன பதில் சொல்வேன்? அவன் தப்புப் பண்ணிய சமயத்தில் நான் சட்னியைப் பற்றி அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"தெரியவில்லை, தம்பி" என்றேன்.

சத்தியமான வார்த்தைதான். ஆனால் அவன் அதை எப்படி எடுத்துக்கொண்டானோ, அப்படி நான் சொல்லவில்லை. அவன் சந்தோஷமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்குப் பழவந்தாங்கலிலிருந்து தாம்பரம் வருகிற வரையில் அந்தக் கீரை வடை தொண்டையிலேயே நின்றது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அந்தப் பதினைந்து நிமிஷத்தில் நான் எதை இழந்தேன்?

குறைப்பு என்பது தனி ஆவர்த்தனத்தின் உயிர்நிலை. மிருதங்கம் ஓர் ஆவர்த்தனம் வாசிக்கும். கஞ்சிரா அதற்கு ஓர் ஆவர்த்தனத்தில் பதில் சொல்லும். ஆதி தாளமென்றால் எட்டு எண்ணிக்கை. பிறகு அது நாலாகும், இரண்டாகும், ஒன்றாகும். கேள்வியும் பதிலும் நெருங்கி நெருங்கி வந்து, கடைசியில் இரண்டு வாத்தியமும் ஒன்றாகச் சேர்ந்து மோராவும் கோர்வையும் வாசித்து முடிக்கும். கேள்வி இன்னதென்று முன்கூட்டித் தெரியாது. பதிலை அந்த க்ஷணத்தில் கண்டுபிடிக்க வேண்டும். தவறினால் விழவேண்டியதுதான். விழாமல் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு பெரியவர் வேண்டும்.

இதை வீட்டில் சொல்லிக் கொடுக்க முடியாது. சொற்கட்டை வீட்டில் கற்கலாம். விரலை வீட்டில் பழக்கலாம். நாலு பேர் முன்னிலையில் தடுமாறி, நிறுத்தாமல், மறுபடி தாளத்தைப் பிடிப்பது மேடையில்தான் வரும். அந்த நாலு பேர் வேண்டுமே! அதற்காக ஏற்பட்டதுதான் பகல் கச்சேரி. பாடுகிறவர், வாசிக்கிறவர், பெரியவர் எல்லாரும் தங்கள் பங்கைக் கொண்டுவந்துவிட்டார்கள். வராதவன் நான்தான்.

பழைய வித்வான்களுக்கு இந்த ரகசியம் தெரியும். செம்பை வைத்தியநாத பாகவதரை எடுத்துக்கொள்ளுங்கள். பாலக்காடு மணி ஐயரைப் பாலகனாக இருந்தபோதே தம் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் செய்தவர் அவர். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைக்காரர். இடது கைக்காரர் மிருதங்கம் வாசித்தால் பிடில்காரர் இடம் மாறி உட்கார வேண்டும். அதனால் அவரைப் பக்கவாத்தியமாக வைத்துக்கொள்ளத் தயங்கினவர்கள் உண்டு. செம்பை தயங்கவில்லை. அந்த இடது கையிலிருந்து பிறந்த நாதத்தைப் பிற்பாடு உலகமே கேட்டது.

உலகமென்று சும்மா சொல்லவில்லை. 1958-ல் அமெரிக்க ஜாஸ் வித்வான் டேவ் புரூபெக் அந்நாட்டு அரசாங்கத்தின் ஏற்பாட்டில் தம் கோஷ்டியுடன் பல தேசங்களுக்குச் சுற்றுப்பயணம் வந்தார், சென்னைக்கும் வந்தார். அவருடைய கோஷ்டியில் டிரம் வாசித்த ஜோ மொரெல்லோ இங்கே பழனி சுப்பிரமணிய பிள்ளையின் வாசிப்பைக் கேட்டு ஆச்சரியப்பட்டுப் போனார். இருவருக்கும் பொதுவான பாஷை கிடையாது. தாளமே பாஷையாக இருந்தது. அந்தப் பயணத்தில் காதில் விழுந்தவற்றை வைத்துப் புரூபெக் அதே வருஷம் ஓர் இசைத்தட்டும் வெளியிட்டார்.

ஆச்சரியப்படுவதற்குக் காரணம் உண்டு. ஜாஸிலும் குறைப்புக்குத் தாயாதி முறையில் ஒன்று இருக்கிறது. மற்ற வாத்தியங்கள் நாலு அளவு வாசிக்க, டிரம் நாலு அளவு பதில் சொல்லும். எழுதி வைத்ததை வாசிப்பதல்ல; அந்த நேரத்துக் கற்பனை. ஆனால் அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு, நாம் கடன் வாங்க வேண்டியது: ஒருவர் தனியாக வாசிக்கும்போது யாரும் வடை தின்னப் போவதில்லை. வாசித்து முடித்ததும், பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே கைதட்டுகிறார்கள்.

ஜாஸ் பிறந்த கதையும் நம் வீதிக் கதைதான். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஊர்வலத்தில் பாண்டு வாத்தியம் போகும். பின்னாலேயே பிள்ளைகள் ஆடிக்கொண்டு போவார்கள். டிக்கெட் ஏது, கதவு ஏது? அப்படிப்பட்ட வீதிகளில் வளர்ந்த ஏழைப் பையன்தான் லூயி ஆம்ஸ்டிராங். கிங் ஆலிவர் என்ற பெரிய வித்வான் 1922-ல் அவரைச் சிகாகோவுக்கு வரவழைத்துத் தம் கோஷ்டியில் இரண்டாவது வாத்தியக்காரராகப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். செம்பை செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அதே சிகாகோவில் 1979 முதல் காசு வாங்காமல் ஜாஸ் விழா நடத்துகிறார்கள். பேர்பெற்ற வித்வான்கள் வாசிக்கும் அந்த விழாவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் மேடை போட்டுக் கொடுக்கிறார்கள்.

நமக்கு மட்டும் இது புதிதா என்ன? சுவாமி புறப்பாட்டில் நாதஸ்வரக்காரருக்குப் பின்னால் ஒத்து ஊதிக்கொண்டும் தாளம் போட்டுக்கொண்டும் நடந்த பையன்கள்தாம் பிற்காலத்தில் வித்வான்கள் ஆனார்கள். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கோயில் வீதியில் நின்று கேட்டவர்கள் டிக்கெட்டா வாங்கினார்கள்? இன்றைக்கும் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை அன்று பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பெரிய வித்வான்களும் சின்னப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து பாடுகிறார்கள். கேட்கக் கட்டணம் கிடையாது. சங்கீதத்துக்குச் சபா என்றும் டிக்கெட் என்றும் வந்ததுதான் புதிது, இலவசம் பழையது.

ஆனால் ஒன்று. இலவசமென்றால் யாருமே பணம் கொடுக்கவில்லை என்று அர்த்தமில்லை. அந்தப் பையனின் தகப்பனார் ரயிலில் பேச்சுவாக்கில் சொன்னார். கஞ்சிராவுக்கு முன்னெல்லாம் உடும்புத் தோல் போடுவார்கள். வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு ஆட்டுத்தோல். தண்ணீர் தடவித்தான் சுருதி சேர்க்க வேண்டும். தோல் போய்விட்டால் மறுபடி செலவு. வாரம் இரண்டு நாள் மாம்பலத்தில் பாடம். கச்சேரி நாளில் அவருக்கு ஒரு நாள் சம்பளம் நஷ்டம். சன்மானம் என்று பையனுக்குக் கிடைத்தது போகவர ரயில் செலவுக்குச் சரியாகப் போயிற்று. "பரவாயில்லை சார், பெரியவர் பக்கத்திலே உட்கார இடம் கிடைச்சுதே!" என்றார்.

ஆக, எனக்கு இலவசமாகக் கிடைத்த கச்சேரிக்கு அவர் பணம் கட்டியிருக்கிறார். என்னிடம் கேட்டது காசல்ல. பதினைந்து நிமிஷம் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கட்டணத்தைக்கூடக் கொடுக்காமல் வந்துவிட்டேன்!

ஆகையால் தங்களிடம் மூன்று விண்ணப்பங்கள்.

முதலாவது, அடுத்த மார்கழியில் ஒரு பகல் கச்சேரிக்காவது போங்கள். பேரன் பேத்திகளையும் அழைத்துப் போங்கள். தனி முடிகிற வரையில் எழுந்திருக்காதீர்கள். கான்டீன் எங்கேயும் ஓடிவிடாது.

இரண்டாவது, கச்சேரி முடிந்ததும் மேடைப் பக்கம் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள். "நன்றாயிருந்தது" என்றால் போதாது. "அந்த இடம் நன்றாயிருந்தது" என்று சொல்லுங்கள். கேட்டிருந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும். அது அவர்களுக்கும் தெரியும்.

மூன்றாவது நம் பேட்டையைப் பற்றியது. சங்கீதம் கேட்க எப்போதும் வடக்கே ரயில் ஏற வேண்டுமா? மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் மைக் இல்லாமல் பிள்ளைகளைப் பாடவைத்துக் கச்சேரிகள் நடத்தினார்கள். 2015-ல் பெசன்ட் நகரை அடுத்த ஊரூர் ஆல்காட் குப்பத்தில் டி. எம். கிருஷ்ணா முதலியோர் முன்னின்று கடற்கரையில் மீனவ ஜனங்கள் நடுவே விழா நடத்தினார்கள். பூங்காவும் கடற்கரையும் கச்சேரி மண்டபம் ஆகுமானால், தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் கோயில் மண்டபமும் பள்ளிக்கூடக் கூடமும் ஆகாதா? மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்றேகால் மணி நேரம். நம் தெருவில் வீட்டோடு இருக்கும் பெரிய வித்வான் ஒருவர், பாடம் கற்கும் பிள்ளைகள் இரண்டு பேர், ஒரு ஜமக்காளம். மைக்கூட வேண்டியதில்லை. கேட்க ஐம்பது பேர் வந்தால் அதுவே சபை.

குரோம்பேட்டையில் இறங்குவதற்கு முன்னால் அந்தப் பையன் என்னைப் பார்த்து, "அடுத்த கச்சேரிக்கும் வாங்க தாத்தா" என்றான். வருவதாகச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை அவன் குறைப்பில் எங்கேயாவது தடுமாறி, "வெளியிலே தெரிஞ்சுதா?" என்று கேட்டால், "தெரிந்தது தம்பி; நீ மறுபடி தாளத்தைப் பிடித்ததும் தெரிந்தது" என்று பதில் சொல்ல எனக்கு ஆசை.