கதை வளர்க்கும் இளைஞரை இகழாதீர்

பாசிக்குடாக் கரையில் மாலை வேளையிற் கைப்பேசியும் கையுமாக ஒரு பிள்ளை அமர்ந்திருக்கக் கண்டால், காலங் கெட்டுவிட்டதென்று தலையிலடித்துக் கொள்கிறோம். அப்பிள்ளை வந்தியத்தேவனுக்குப் புதியதோர் அத்தியாயம் எழுதிக் கொண்டிருக்கலாம். அதனைப் படிக்க டொரொண்டோவில் ஒருவர் காத்திருக்கலாம். இதில் இழிவென்ன? கல்கி 1954இல் முடித்த 'பொன்னியின் செல்வ'னைத் தொடர்ந்து 'நந்திபுரத்து நாயகி' எழுதிய விக்கிரமனை எழுத்தாளரென்றே போற்றினோம் அல்லவா?

நமது கவலை வேறு. வாசகர் பலர் கூடி எழுதிவந்த யாகூ குழுமங்களை அந்நிறுவனம் 2020 டிசம்பரில் முற்றாக மூடிற்று. படியெடுத்து வைக்காதவர் எழுத்தெல்லாம் போயிற்று. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது குமுறியவர்கள் நாம். இங்கோ தீயுமில்லை, புகையுமில்லை. ஏனென்று கேட்க நாதியுமில்லை!

விதைநெல்லை அயலான் களஞ்சியத்தில் விட்டுவிட்டு உறங்கும் போடியார் மட்டக்களப்பில் உண்டா? ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் 'நூலகம்' இணையத்திற் சேர்த்துக் காத்து வருகிறது. நற்பணிதான், ஆயினும் எல்லாச் சுமையையும் அதன் தலையிலேயே ஏற்றுவது முறையன்று. ஆசிரியர்களே, வாசிகசாலைப் பொறுப்பாளர்களே! பிள்ளைகளின் கதைகளைக் கேட்டு வாங்கி, ஒரு படியேனும் தாளில் அச்சிட்டு அலுமாரியில் வையுங்கள். இந்தத் தவணையிலேயே தொடங்கலாம்.