போர்க்குடிப் பட்டம் வேண்டாம், பெயர்ப் பட்டியலைக் கொடுங்கள்

அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளுக்கு எங்கள் தெரு இளைஞர்கள் பேனர் அடிக்கத் தீர்மானித்தார்கள். சித்தப்பா மகன் வீட்டுக்கு வந்தான். "அண்ணே, பட்டாளத்துத் தாத்தா போட்டோவக் குடுங்க. பெருசாப் போட்டு, ‘போர்க்குடியின் வாரிசுகள்’னு எழுதப் போறோம். அவனுக மட்டுந்தான் ஆண்ட பரம்பரையா? நமக்கும் இருக்குல்லா?"

படத்தைக் கொடுத்தேன். வாசகத்தை மட்டும் மாற்றச் சொன்னேன். அவன் முகம் வாடிப்போனது. ஏன் மாற்றச் சொன்னேன் என்று அன்று தெருவில் நின்று விளக்க முடியவில்லை. அந்த விளக்கம்தான் இது.

அந்தப் படம் 1946இல் குற்றாலத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. பின்னால் அருவி வரைந்த திரை. முன்னால் சீருடையில் தாத்தா. தோளில் ஒற்றை நட்சத்திரம். காலில் முகம் பார்க்கிற அளவுக்குத் துடைத்த பூட்ஸ். கையில் விளிம்பில்லாத உயரமான தொப்பி. அப்பா சாகும் முன் அதை என்னிடம் கொடுத்தார். எங்கள் குடும்பத்தில் அவர் ‘கேப்டன் தாத்தா’. என் அத்தை காலத்தில் லெப்டினன்டாக இருந்தவர், எங்கள் காலத்தில் கேப்டன் ஆகியிருந்தார். இன்னும் இருபது வருடம் விட்டால் மேஜர் ஆகியிருப்பார்.

உண்மை என்ன என்று தேடினேன். முதல் துப்பு அந்தத் தொப்பி. ‘துப்டா’ என்று அதற்குப் பெயர். மதராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் படையின் தனி அடையாளம். 1780இல் தொடங்கி, பெங்களூரில் நிலைகொண்ட பொறியியல் படை அது. பாலம் கட்டுவது, சாலை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது அதன் வேலை. அதன் வீரர்களை இன்றும் ‘தம்பி’ என்றுதான் அழைக்கிறார்கள். இரண்டாவது துப்பு, படத்தின் பின்புறம் பென்சிலில் எழுதியிருந்த படை எண். அந்த எண்ணை வைத்து எழுதிக் கேட்டபோது, பல மாதம் கழித்து ஒரு பக்க நகல் வந்தது. பெயர், தகப்பன் பெயர், ஊர், ‘வகுப்பு’ என்ற கட்டத்தில் எங்கள் சாதி, கடைசியாக வகித்த பதவி: ஜமேதார்.

கேப்டன் இல்லை. ஜமேதார்.

வீட்டில் இதைச் சொன்னபோது யாருக்கும் பிடிக்கவில்லை. எனக்கும் முதலில் பிடிக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குள்தான் மொத்தக் கதையும் இருக்கிறது. ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர் ஆகிய மூன்றும் வைஸ்ராய் ஆணை பெற்ற பதவிகள். இந்தப் பதவிக்காரர் இந்தியச் சிப்பாய்க்கு மட்டுமே கட்டளையிடலாம். முப்பது வருடம் பட்டாளத்தில் நரைத்த சுபேதார் மேஜரும், நேற்று லண்டனிலிருந்து கப்பலேறி வந்த இருபது வயது வெள்ளை லெப்டினன்டுக்குக் கீழேதான். ஜமேதாருக்கும் தோளில் ஒரு நட்சத்திரம், செகண்ட் லெப்டினன்டுக்கும் ஒரு நட்சத்திரம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. படிக்கட்டு போட்டு, ஒவ்வொரு படியிலும் ஒருவனை நிறுத்தி, மேல்படிக்குப் போக விடாத முறை. நமக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி ‘போர்க்குடி’க்கு வருகிறேன். அந்தச் சொல் யாருடையது? 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் ராபர்ட்ஸ். தெற்கத்தியானுக்குப் போர்க்குணம் போய்விட்டது என்று முடிவு கட்டியவர் அவர். பிறகு இந்தியப் படை முழுவதற்கும் தளபதியானார். மதராஸ் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. 1920களின் முடிவில் மதராஸ் காலாட்படை என்று ஒன்றே இல்லாமல் போனது. மகர்களுக்கு 1890களிலேயே கதவை அடைத்தார்கள். அண்ணலின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதாராக இருந்த அதே படையின் கதவு அது.

பிறகு ஹிட்லரும் ஜப்பானும் வந்ததும் நாம் திடீரென்று போர்க்குடி ஆகிவிட்டோம். 1941இல் மகர் ரெஜிமென்ட். 1943இல் சமார் ரெஜிமென்ட். மதராஸ் ரெஜிமென்டுக்கும் மறுபிறவி. சுமார் 25 லட்சம் பேர் கொண்ட படைக்கு ஆள் வேண்டியிருந்தது. போர் முடிந்தது, 1946இல் சமார் ரெஜிமென்டைக் கலைத்துவிட்டார்கள். தேவைப்பட்டால் போர்க்குடி, தேவை தீர்ந்தால் ஊருக்கு வெளியே. இந்தப் பட்டத்தையா நாம் பேனரில் அடிப்பது?

பாகிஸ்தான் பிரச்சினை பற்றி 1940இல் எழுதிய நூலிலேயே அண்ணல் இந்தப் பிரிவினையைப் பிய்த்துப் போட்டார். போர்க்குடி என்பது பிறவிக்குணம் அல்ல. 1857இல் யார் ஆங்கிலேயன் பக்கம் நின்றார்கள் என்பதற்குக் கொடுத்த கூலி என்று காட்டினார். மகர்களுக்குப் படையில் இடம் கேட்டுப் போராடியவரும் அவரேதான். வேலை கேட்டார், உரிமை கேட்டார். பிறப்பில் வீரம் இருப்பதாகச் சொல்லிக் கேட்கவில்லை. ஆண்ட பரம்பரைப் பேனர் கட்டுகிறவர்களிடமும் இதைத்தான் கேட்கிறேன்: வெள்ளையன் பட்டியல் போட்ட குற்றப்பரம்பரை பொய் என்றால், அவன் பட்டியல் போட்ட போர்ப்பரம்பரை மட்டும் எப்படி மெய்யாகும்?

‘வெள்ளைக்காரனுக்குக் கூலிப்படையாகப் போனவன்தானே’ என்று நம்மைப் பார்த்து மட்டும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே போருக்கு அவர்கள் வீட்டிலிருந்தும் ஆள் போனது. அங்கே அது குடும்பப் பெருமை. என் தாத்தா போனது ராஜாவுக்காக அல்ல. மாதச் சம்பளம், மூன்று வேளைச் சாப்பாடு, எழுதப் படிக்க ஒரு வாய்ப்பு, காலுக்கு ஒரு ஜோடி பூட்ஸ்.

அந்தப் பூட்ஸைப் பற்றிப் பாட்டி சொன்னதை எழுதியாக வேண்டும். படம் எடுக்கக் கிளம்பிய அன்று, ஊர்த்தெருவைக் கடக்கும்வரை தாத்தா பூட்ஸைக் கையில் துணி சுற்றித் தூக்கிக்கொண்டுதான் நடந்தார். தென்காசி கடைத்தெரு வந்த பிறகுதான் காலில் மாட்டினார். அங்கிருந்து மூன்று மைல் குற்றாலத்துக்குச் சீருடையில் நிமிர்ந்து நடந்தார். பர்மாவில் கண்ணிவெடி பதித்த மண்ணில் நடந்த கால், சொந்த ஊர் மண்ணில் பூட்ஸோடு நடக்க முடியவில்லை. எட்டு கிலோமீட்டர் தள்ளி, அன்று திருவிதாங்கூரில் இருந்த செங்கோட்டையில் கோயில் நுழைவுப் பிரகடனம் 1936இலேயே வந்துவிட்டது. மதராஸ் மாகாணம் முழுவதற்குமான கோயில் நுழைவுச் சட்டம் 1947இல்தான் வந்தது. தெருவுக்குச் சட்டம் 1938இலேயே இருந்தது. தெருதான் சட்டத்தைப் படிக்கவில்லை.

எனவே எனக்கு வேண்டியது பட்டம் அல்ல, பெயர்.

முதல் உலகப் போர் முடிந்ததும் வெள்ளை அரசு பல தமிழ்க் கிராமங்களில் சலவைக்கல் பதித்தது. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் திரும்பவில்லை. எண்ணிக்கை மட்டும், ஒரு பெயர் கிடையாது. போர்க்கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையமே 2021இல் ஒப்புக்கொண்டது: முதல் போரில் இறந்த குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும், பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை. அதே ஆண்டில் லாகூர் அருங்காட்சியகத்தில் தூங்கிய பதிவேடுகளிலிருந்து 3,20,000 பஞ்சாபி வீரர்களின் விவரங்களைக் கணினியில் ஏற்றும் வேலை வெளிச்சத்துக்கு வந்தது. பஞ்சாபுக்கு முடிந்தது தமிழ்நாட்டுக்கு ஏன் முடியாது?

இறந்தவர்களுக்கே இந்த நிலை. காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ்ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில், கூட வந்தவர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடி மேல் விழுந்து உயிரை விட்டார். ஜார்ஜ் கிராஸ் பெற்ற மதராஸ் சாப்பர் அவர். எத்தனை பள்ளிக்கூடத்தில் அவர் பெயர் தெரியும்? அப்படியிருக்க, உயிரோடு திரும்பி, பூட்ஸைக் கையில் தூக்கி நடந்த ஜமேதாரை யார் எழுதுவார்?

தமிழ்நாடு அரசிடம் நாம் கேட்க வேண்டியது இதுதான். இரண்டு உலகப் போர்களுக்கும் போனவர்களின் பெயர்களை மாவட்டவாரியாக, ஊர்வாரியாகத் திரட்டி வெளியிடுங்கள். சலவைக்கல் நிற்கும் ஊரில் எண்ணிக்கைக்குக் கீழே பெயர்களைப் பொறியுங்கள். சாதிப் பெயரில் இன்னொரு ரெஜிமென்ட் வேண்டாம். இருக்கிற ரெஜிமென்டுகளின் பெயரிலிருந்தும் சாதியை எடுங்கள்.

நம் மக்களிடம் கேட்பது ஒன்று. பரணில் கிடக்கும் படத்தை எடுங்கள். முன்பக்கத்தைப் பார்த்துப் பெருமைப்படுவதற்கு முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே ஒரு எண் இருக்கலாம்.

பேனர் கடைசியில் வந்தது. படத்துக்குக் கீழே பெயர், படை எண், ‘ஜமேதார், மதராஸ் சாப்பர்ஸ்’. பரம்பரை பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பெயரை இங்கே தனியாக எடுத்து எழுத மனம் வரவில்லை. கூடப் போனவர்களின் பெயர்களோடு சேர்ந்து பட்டியலில் வரட்டும்.