வீட்டுவேலை செய்த அம்மையாரின் கிட்டார்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரிசை ‘புளூஸ்’. அம்மரபில் வந்த எலிசபெத் காட்டன் 1893-இல் வட கரோலினாவில் பிறந்தவர். இடக்கைப் பழக்கத்தால் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து, கட்டைவிரலால் மெட்டையும் பிற விரல்களால் அடிநாதத்தையும் மீட்டினார். மணமாயிற்று, தேவாலயத்தாரும் அவ்விசையை விரும்பவில்லை, பல்லாண்டுகள் கிட்டாரையே மறந்திருந்தார்.

பின்னர் வாஷிங்டனில் சீகர் குடும்பத்தில் வீட்டுவேலைக்கு அமர்ந்தார். நாட்டுப்பாடல்களைத் தேடித் தொகுத்த குடும்பம் அது! எனினும், தங்கள் சமையலறையில் நிற்பவர் யாரென அவர்கள் அறிய, சுவரில் தொங்கிய கிட்டாரை அவரே எடுத்து மீட்ட வேண்டியிருந்தது. வேலை செய்வோரிடம் ‘சமையல் ஆயிற்றா?’ என்பதற்குமேல் நாம் என்ன கேட்கிறோம்?

அவ்வீட்டு மகன் மைக், ஒலிநாடாக் கருவியுடன் அம்மையாரின் இல்லத்துக்கே சென்றார். படுக்கையறையே ஒலிப்பதிவுக் கூடமாயிற்று. 1958-இல் இசைத்தட்டு வெளிவந்தபோது அவருக்கு வயது 65. கிராமி விருது கிடைத்ததோ தொண்ணூறைக் கடந்த பின்னர்.