ஒரு ரூபாய் கொடுத்தவரும் தயாரிப்பாளர்தான்

சினிமா என்பது லட்சங்களும் கோடிகளும் புரளும் தொழில். பணம் போடுகிறவர் முதலாளி. டிக்கெட் வாங்கிக் கை தட்டுவதோடு நம் வேலை முடிந்தது. இந்த எண்ணம் மக்கள் மனதில் ஊறிப்போயிருக்கிறது. அது தவறு என்று செய்தே காட்டியவர் கேரளத்து இயக்குநர் ஜான் ஆபிரகாம். (இன்றைய இந்தி நடிகர் அல்ல, இவர் வேறு.)

1937ல் பிறந்த ஜான், படிப்பு முடிந்ததும் எல்.ஐ.சி. உத்தியோகத்தில் சேர்ந்தார். வேலை பெல்லாரியில். சொந்த ஊரை விட்டுப் பிற மாநிலத்தில் பேரேடு புரட்டும் வாழ்க்கை எப்படி என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிரந்தர வேலையை உதறிவிட்டு அவர் புனே திரைப்படக் கல்லூரிக்குப் போனார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் வங்க இயக்குநர் ரித்விக் கட்டக்.

அவர் எடுத்த முழுநீளப் படங்கள் நான்கே நான்கு. 1972ல் 'வித்யார்த்திகளே இதிலே இதிலே', 1977ல் 'அக்ரகாரத்தில் கழுதை', 1979ல் 'செறியாச்சன்டெ குரூரகிருத்யங்கள்', 1986ல் 'அம்ம அறியான்'. இவற்றில் இரண்டாவது தமிழ்ப் படம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தாயை இழந்த கழுதைக்குட்டி ஒன்றைக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் எடுத்து வளர்க்கிறார். கேலி பொறுக்காமல் அதைத் தம் கிராமத்து அக்ரகாரத்துக்குக் கொண்டுபோய், வாய் பேசாத ஓர் ஏழைப் பெண்ணிடம் ஒப்படைக்கிறார். ஊரில் எது கெட்டாலும் பழி கழுதையின் தலையில் விழுகிறது. கடைசியில் அதை அடித்துக் கொல்கிறார்கள். பிறகு நல்லது ஏதோ நடக்க, செத்த கழுதைக்குக் கோயில் கட்டப் புறப்படுகிறார்கள்! இதன் திரைக்கதையை எழுதியவர் விமரிசகர் வெங்கட் சாமிநாதன். அவரும் ஹிராகுட் அணைத் திட்டத்திலும் டில்லியிலும் வேலை பார்த்துப் பிழைத்த வெளிமாநிலத் தமிழரே.

சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது. ஆனால் தமிழ்நாட்டுத் திரையரங்குகள் இதைச் சீந்தவில்லை. 1989ல் ஒளிபரப்புவதாக இருந்த தூர்தர்ஷனும் எதிர்ப்புக்குப் பயந்து பின்வாங்கியது. மலையாளி ஒருவர் தமிழுக்குத் தேடித் தந்த பெருமையைத் தமிழன் பார்க்கவில்லை என்பது வெட்கப்பட வேண்டிய விஷயம்.

ஜானைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றும் பலர் சொல்வது அவருடைய குடியும் நாடோடி வாழ்க்கையும்தான். 1987 மே 31ம் தேதி கோழிக்கோட்டில் மாடியிலிருந்து விழுந்து அவர் இறந்தபோது அவருக்கு வயது ஐம்பதுகூட நிறையவில்லை. இது துக்கமே தவிர, இதில் பெருமை ஒன்றும் இல்லை. கலைஞன் என்றால் குடிக்கத்தான் வேண்டும் என்று நினைக்கும் இளைஞர்கள் இதை யோசிக்கவேண்டும். குடிக்காமல் இருந்திருந்தால் ஐந்தாவது படம் கிடைத்திருக்குமோ என்னவோ!

அவரிடம் கற்க வேண்டியது வேறு. 1984ல் நண்பர்களோடு சேர்ந்து 'ஒடேசா' என்ற மக்கள் திரைப்பட இயக்கத்தைத் தொடங்கினார். முதலாளியைத் தேடிப் போகவில்லை. ஊர் ஊராகப் போய், பறை கொட்டி, தெருநாடகம் போட்டு, முடிந்ததைக் கொடுங்கள் என்று ஜனங்களிடம் கேட்டார்கள். ஒரு ரூபாய் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டார்கள். அப்படி எடுத்ததுதான் 'அம்ம அறியான்'. வயநாட்டில் இறந்து கிடக்கும் ஓர் இளைஞனின் சேதியை அவனுடைய தாயிடம் சொல்லக் கொச்சிக்குக் கிளம்புகிறான் ஒருவன். வழியில் ஒவ்வொருவராகச் சேர்ந்து பெருங்கூட்டம் ஆகிறது. படம் எடுத்த விதமும் அதேதான். படத்தை லாபத்துக்கு விற்காமல், பணம் கொடுத்த ஜனங்களுக்கே கொண்டுபோய்க் காட்டினார்கள்.

வசூலிப்பது அத்தனை சுலபமா என்று கேட்கலாம். சுலபமல்ல. ரசீதுப் புத்தகத்தோடு படியேறுகிறவரைக் கண்டதும் கதவைச் சாத்துகிற வீடுகளைத் தமிழ்ச் சங்கக்காரர்கள் நன்றாக அறிவார்கள். ஜானின் படங்கள் எல்லோருக்கும் எளிதில் பிடித்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. பாட்டும் சண்டையும் எதிர்பார்த்துப் போகிறவர் பாதியில் எழுந்துவிடக்கூடும். ஆனாலும் கொடுத்த காசுக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும், இப்படிப்பட்ட படம் வேண்டும் என்று சொல்லும் உரிமையும் பார்க்கிறவனுக்கு உண்டு என்று நிலைநாட்டியது சிறிய காரியமா?

அந்தக் காலத்தில் பிலிம் சுருளுக்கும் லேபுக்குமே பெரும்பணம் தேவைப்பட்டது. இன்று கையிலிருக்கும் போனிலேயே படம் எடுக்கலாம். குறைவது பணம் அல்ல, மனம்.

வெளிமாநிலங்களில் நம் சங்கங்கள் ஆண்டு விழாவுக்குச் சந்தா வசூலிக்கின்றன. நட்சத்திரத்தை வரவழைக்கவும் மெல்லிசைக் கச்சேரிக்கும் அது செலவாகிறது. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆண்டில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, உரிய அனுமதி பெற்று, ஒரு வெள்ளைத் திரை கட்டி 'அக்ரகாரத்தில் கழுதை'யைப் போட்டுக் காட்டட்டும். குடும்பத்துக்கு ஒரு ரூபாய் சந்தா வைக்கட்டும். படம் முடிந்ததும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, பார்த்தவர்களைப் பேச விடட்டும். திட்டுகிறவர் திட்டட்டும். பார்த்துவிட்டுத் திட்டுவது, பார்க்காமலே ஒதுக்கியதைவிட ஆயிரம் மடங்கு மேல்.