விண்வெளிக் கொள்கையில் ஆரணிக்கும் இடம் வேண்டும்

2025 ஆகஸ்ட் 15. இங்கே நாம் கொடியேற்றி மிட்டாய் கொடுத்த அதே நாளில், இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த நிசார் செயற்கைக்கோள் விண்ணில் தன் குடையை விரித்தது. 12 மீட்டர் விட்டமுள்ள குடை. அதன் ரேடார் கண்ணுக்கு அதுதான் ஆடி. உலோகத் தகட்டால் செய்ததல்ல. பொன்முலாம் பூசிய மெல்லிய கம்பியில் பின்னிய வலை. ஏவும்போது மடக்கி வைத்திருந்தார்கள். மேலே போனதும் பூப்போல விரிந்தது. பொன்முலாம் ஏறிய கம்பியை அறுபடாமல், சுருக்கம் விழாமல், ஒரே இழுவையில் நிறுத்துவது எத்தனை கடினம் என்று ஆரணியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பட்டு இழைமேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசினால் அது அசல் சரிகை. அதைத் தாரில் சுற்றி, நாடாவில் போட்டு, தலைமுறை தலைமுறையாக ஓட்டிவரும் ஊர் இது.

நிலவுக்கும் செவ்வாய்க்கும் பயணங்கள் பெருகிவரும் பத்தாண்டு இது. சீனா 2030-க்குள் நிலவில் மனிதரை இறக்கப்போவதாகச் சொல்கிறது. இந்தியா 2028-இல் தன் விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியை அனுப்பவும், 2035-க்குள் அதை முழுதாகக் கட்டவும், 2040-க்குள் ஓர் இந்தியரை நிலவில் நிறுத்தவும் நாள் குறித்திருக்கிறது. இத்தனைக்கும் ராக்கெட் எஞ்சின் மட்டும் போதாது. இழையும் துணியும் வேண்டும். அந்த வேலையில் ஒரு பங்கு தமிழ்நாட்டின் நெசவு ஊர்களுக்கு வர வேண்டும், அதை ஆரணியில் தொடங்க வேண்டும் என்பது நம் கோரிக்கை.

நெசவுக்கும் விண்கலத்துக்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள் ஓரியன் கலத்தின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஆர்ட்டெமிஸ் திட்டத்தில் வீரர்களை நிலவுக்குக் கொண்டுபோகும் கலம் அது. வீரர்கள் இருக்கும் பகுதியும், அதற்கு உந்துவிசையும் மின்சாரமும் தரும் பின்பகுதியும் சேரும் இடத்தில் சில திண்டுகள் உண்டு. ஏவும்போது அவை பாரத்தைத் தாங்க வேண்டும். நிலவிலிருந்து திரும்பும்போது நொடிக்கு சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்குள் நுழையும் சூட்டையும் தாங்க வேண்டும். 2014-இல் ஆளில்லாமல் நடந்த முதல் ஒத்திகையில் வைத்த திண்டுகள் துணியை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தவை. அந்த வகை நிலவுப் பயணத்துக்குத் தாங்காது. சூட்டிலும் அழுத்தத்திலும் அடுக்குகள் பிரியும்.

தீர்வு தறியில் கிடைத்தது. குவார்ட்ஸ் இழையை எடுத்தார்கள். பாவு, ஊடை என்ற இரண்டோடு நிறுத்தாமல், துணியின் கனத்தை ஊடுருவிப் போகும் மூன்றாவது இழையையும் சேர்த்து, பலகைபோலத் தடிமனாக நெய்தார்கள். பிறகு பிசினை ஊட்டி இறுக்கினார்கள். அடுக்கே இல்லாதபோது பிரிவதற்கு என்ன இருக்கிறது? 2022 நவம்பரில் புறப்பட்ட ஆர்ட்டெமிஸ் 1 இந்தத் திண்டுகளோடுதான் நிலவுவரை போய்த் திரும்பியது. இதை நெய்தது பெரிய விமான நிறுவனம் எதுவும் அல்ல. பென்சில்வேனியாவில் பாலி என்ற சிற்றூரில், 1923 முதல் குறுகிய அகலத் துணிகளை நெய்துவரும் ஒரு குடும்ப ஆலை. கரையையும் உடலையும் தனித்தனி நாடாக்களில் ஓட்டி, ஒவ்வோர் ஊடையிலும் கோர்வை பூட்டத் தெரிந்த நம் பட்டு நெசவாளருக்கு இந்த மூன்றாவது இழையின் கணக்கு பிடிபடாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

துணி ஏமாற்றினால் பயணமே நின்றுபோகும். ஐரோப்பாவின் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ஊர்தி 2020-இல் செவ்வாய்க்குப் புறப்பட வேண்டியது. 2019-இல் நடந்த சோதனைகளில் அதன் 35 மீட்டர் பாராசூட் கிழிந்தது. பயணம் தள்ளிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு உக்ரைன் போர் வந்து ரஷ்யாவோடு இருந்த கூட்டும் முறிந்தது. இப்போது 2028-ஐக் குறித்திருக்கிறார்கள். அதற்கு நேர்மாறாக, 2021 பிப்ரவரி 18 அன்று நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாயில் பத்திரமாக இறங்கியது. அதைத் தாங்கிய பாராசூட்டின் துணி இங்கிலாந்தின் டெவன் பகுதியில் உள்ள டிவர்ட்டன் ஊரில் நெய்தது.

டிவர்ட்டனின் கதையை ஆரணி தெரிந்துகொள்ள வேண்டும். ஜான் ஹீத்கோட் என்பவர் லேஸ் பின்னும் இயந்திரத்தைக் கண்டுபிடித்து லஃப்பரோ ஊரில் ஆலை நடத்தினார். 1816-இல் ஓர் இரவு லட்டைட்டுகள் என்று அழைக்கப்பட்ட தொழிலாளர் கூட்டம் புகுந்து அவருடைய இயந்திரங்களை அடித்து நொறுக்கியது. அவர் தொழிலைத் தூக்கிக்கொண்டு டிவர்ட்டனுக்குப் போனார். வேலையாட்கள் பலர் அவரோடு அத்தனை தூரமும் நடந்தே போனதாகச் சொல்வார்கள். அந்த ஆலைதான் இருநூறு ஆண்டு கடந்து செவ்வாய்க்குத் துணி நெய்தது. இதைச் சொல்வது அந்தக் கூட்டத்தைப் பழிக்க அல்ல. இயந்திரம் வந்து தன் சோற்றைப் பறிக்கும் என்று அஞ்சியவர்கள் அவர்கள். அந்த அச்சம் இந்த ஊருக்கும் தெரியும். கைத்தறிக்கென்று ஒதுக்கிய ரகங்களை விசைத்தறியில் ஓட்டக் கூடாது என்று 1985-இல் சட்டம் வந்தது. அது இருந்தும் கைத்தறிக்காரர்களின் மனக்குறை இன்றுவரை தீரவில்லை. ஆகவே, புதுத் தொழில் எது வந்தாலும் கைத்தறியில் இருப்பவரைத் தள்ளிவிட்டு வரக் கூடாது. இந்த ஒரு நிபந்தனையை நாம் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

நிலவுப் பயணம் நெசவை நம்பியது அப்போலோ காலத்திலும் உண்டு. நிலவுக்குப் போன கலத்தின் கணினிக்கு மென்பொருளைக் கம்பியால் நெய்தே கொடுத்தார்கள். மாசசூசெட்ஸின் வால்தம் ஊரில் பெண்கள் உட்கார்ந்து, சின்னஞ்சிறு காந்த வளையங்களின் உள்ளே கம்பியை விட்டால் 1, வெளியே விட்டால் 0 என்று கோத்தார்கள். ஜக்கார்டு அட்டையில் துளை இருந்தால் இழை எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது என்பதை அறிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.

எதிர்வாதங்களும் உண்டு, அவற்றை நேராகவே எடுத்துக்கொள்வோம். பட்டு விண்கலத்தில் போவதில்லை. நைலான், கெவ்லார், குவார்ட்ஸ், கரியிழை ஆகியவைதான் போகின்றன. உண்மை. அவற்றைக் குழித்தறியில் நெய்ய முடியாது, கணினி இயக்கும் தறி வேண்டும். பெரும்பாலும் உண்மை. விண்வெளிக்கு வேண்டிய துணி சொற்பம், அதை நம்பி ஓர் ஊர் முழுக்க அடுப்பெரிய முடியாது. இதுவும் உண்மை.

ஆனால், நாம் கேட்பது சேலைக்குப் பதிலாக விண்வெளித் துணி அல்ல. இழையைப் புரிந்துகொண்ட கைக்கு இன்னொரு வாசல். பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். அதில் ஒன்று தளர்ந்தாலும் துணியில் கோடு விழும். அந்த ஒன்று எது என்று மிதியில் கால் வைத்தவுடனே சொல்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். விழுது கட்டுவதும், அச்சில் இழை எடுப்பதும், அறுந்ததை முடிச்சுத் தெரியாமல் சேர்ப்பதும் எந்தத் தறிக்கும் பொது. கரியிழையும் குவார்ட்ஸும் பட்டைவிட எளிதில் ஒடியும். அவற்றைக் கையாளப் பொறுமையும் விரல் நிதானமும் வேண்டும். இந்தத் திறமைக்குச் சேலையின் கூலியைத் தவிர வேறு விலை இன்றுவரை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. அதனால்தான் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் செய்யாறு சிப்காட்டுக்கும் ஒரகடத்துக்கும் பஸ் ஏறுகிறார்கள். அப்பாவின் தறியில் இருந்த நுட்பம் அங்கே எந்த வேலைக்கும் கணக்கில் வராது. விண்வெளித் துணி சிறு அளவுதான் என்றாலும், அந்தத் தரத்தில் நெய்யக் கற்றவர்கள் விமானத்துக்கும், மருத்துவத்துக்கும், காற்றாலை இறக்கைக்கும், தீயணைப்பு உடைக்கும் நெய்ய முடியும். அந்தச் சந்தை சிறியதல்ல. மத்திய அரசே 2020-இல் 1,480 கோடி ரூபாயில் தேசியத் தொழில்நுட்ப ஜவுளி இயக்கத்தைத் தொடங்கியது அதற்காகத்தான்.

நம் நாட்டிலேயே தேவை கண்முன் நிற்கிறது. 2025 ஆகஸ்ட் 24 அன்று ஸ்ரீஹரிகோட்டா அருகே சினூக் ஹெலிகாப்டரிலிருந்து மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின், சுமார் 4.8 டன் எடையுள்ள மாதிரிக் கலத்தை விட்டுப் பார்த்தார்கள். அடுத்தடுத்து விரிந்த பாராசூட்டுகள் அதைப் பத்திரமாகக் கடலில் இறக்கின. ககன்யானில் மொத்தம் 10 பாராசூட்டுகள். வடிவமைத்தது ஆக்ராவில் உள்ள டிஆர்டிஓ ஆய்வகம். நால்வர் பயிற்சி முடித்துக் காத்திருக்கும் பயணம் இது. அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். நிலவு மண்ணை எடுத்துவரப்போகும் சந்திரயான்-4 கலமும் திரும்பி வரும்போது பாராசூட்டையும் வெப்பக் கவசத்தையும் நம்பித்தான் இறங்க வேண்டும். 2024-இல் திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் மையம் பிஎஸ்எல்வி நான்காம் கட்ட எஞ்சினுக்குக் கரி-கரிக் கலவையில் ஒரு முனைக்குழலை உருவாக்கியது. உலோகம் போய் அது வந்ததில் 15 கிலோ கூடுதல் சுமையை ஏற்றலாம் என்று இஸ்ரோ அறிவித்தது. அத்தகைய பொருளின் எலும்புக்கூடு கரியிழைதான்.

தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் விண்வெளித் தொழில் கொள்கைக்கு ஒப்புதல் கொடுத்தது. ஐந்து ஆண்டில் 10,000 கோடி ரூபாய் முதலீடு, சுமார் 10,000 பேருக்கு வேலை என்பது இலக்கு. குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டிய ஏவுதளத்தை ஒட்டித் தென் மாவட்டங்களில் தொழில் வளரட்டும். அதில் நமக்கு மகிழ்ச்சியே. அங்கிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டாம், எரிபொருள் மிச்சம் என்பதால் அந்த இடம் சரியான தேர்வு. ஆனால், ஏவுதளம் கடற்கரையில்தான் இருக்க முடியும். துணி நெய்யும் இடத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நெசவாளர் இருக்கும் இடத்துக்கு அது வரலாம். கொள்கையைப் படிக்கும்போது நமக்குப் பட்ட குறை இதுதான்: மின்னணு, உலோகம், மென்பொருள் என்று யோசித்தவர்கள், உலகின் மிக நுட்பமான நெசவாளர்கள் தம் மாநிலத்தில் இருப்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

உள்ளூரில் இருப்பதைக் கண்டு எடுத்துக்கொண்ட முன்மாதிரி இஸ்ரோவிடமே இருக்கிறது. சந்திரயான்-2 தரையிறங்கும் கலத்தைச் சோதிக்க நிலவு மண்ணை ஒத்த மண் வேண்டியிருந்தது. அமெரிக்காவிலிருந்து வாங்கினால் செலவு மலைபோல. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியலாளர்கள் நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளைக் காட்டினார்கள். அனார்த்தோசைட் என்ற அந்தப் பாறையைப் பொடித்து, சுமார் 50 டன் மண் பெங்களூருக்குப் போனது. 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் கால் பதித்த சந்திரயான்-3-க்கும் அந்த மண் உதவியது. பாறை காலகாலமாக அங்கேயே கிடந்தது. அதன் மதிப்பைச் சொல்ல ஒரு பல்கலைக்கழகமும், காது கொடுத்துக் கேட்க ஒரு நிறுவனமும் இருந்தன. ஆரணிக்கு வேண்டியதும் அதுவே.

ஆரணியில் விண்வெளி மற்றும் தொழில்நுட்ப நெசவுக்கு ஒரு பயிற்சி, சோதனை மையம் அமைய வேண்டும். முதலில் பெரிய தொழிற்சாலை வேண்டாம். முப்பரிமாணத் தறி ஒன்று, கரியிழை ஓட்டும் தறி ஒன்று, இழுவிசையும் வெப்பமும் சோதிக்கும் கூடம் ஒன்று போதும். தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி இருக்கிறது; சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகமும், கோவையில் ஜவுளி ஆய்வு நிறுவனமான சிட்ராவும் இருக்கின்றன. இவர்களை ஒரே மேசையில் உட்கார வைப்பது அரசின் வேலை. பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அந்த மையத்தின் நிர்வாகத்தில் இடம் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் வெளியூர்க்காரர் வந்து தறியைப் போட்டு, நம்மவரைத் துணைக்கு வைத்துக்கொள்வதோடு முடிந்துவிடும். பயிற்சிக்கு வரும் நெசவாளருக்கு, தறியில் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் கூலியைக் குறைக்காமல் கொடுக்க வேண்டும். ஒரு சேலை தள்ளிப்போனால் ஒரு மாத வாடகை தள்ளிப்போகும் வீடுகள் இவை. ஒண்ணுபுரத்திலும் தேவிகாபுரத்திலும் தார் சுற்றும் பெண்கள் இந்தக் கணக்கில் விடுபடக் கூடாது. இழையை எல்லோருக்கும் முன்னால் தொட்டு உணர்பவர்கள் அவர்கள்.

ஊருக்கு மேற்கே ஜவ்வாது மலை. கமண்டல நாகநதி அங்கிருந்துதான் வருகிறது. அதே மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச்சில் யுரேனஸ் கோளின் வளையங்கள் தெரியவந்தபோது அதைக் கண்ட தொலைநோக்கிகளில் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியும் ஒன்று. 1988-இல் அங்கிருந்து கண்டுபிடித்த குறுங்கோளுக்கு ராமானுஜன் பெயரை வைத்தார்கள். இத்தனை பக்கத்தில் இருந்தும் இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு வானம் பாடப்புத்தகத்துப் படமாகவே இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆரணி அரசுப் பள்ளி மாணவர்களைக் காவலூருக்கு அழைத்துப்போக மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். நிசார் 12 நாளில் இருமுறை பூமியை அளக்கிறது. அதன் தரவு எல்லோருக்கும் இலவசம். நம் ஏரிகளிலும் வயல்களிலும் ஈரம் எப்படி மாறுகிறது என்று தச்சூர் கல்லூரி மாணவர்களே அதில் பார்த்துச் சொல்லலாம்.

ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். ஒவ்வோர் ஆண்டும் மேடை போடுகிறோம், மூத்த நெசவாளருக்குச் சால்வை போர்த்துகிறோம். வரும் ஆகஸ்ட் 7-க்கு முன்னால் கைத்தறித் துறை, தொழில் துறை, இஸ்ரோ மூன்றும் ஆரணிக்கு ஒரு கூட்டுக் குழுவை அனுப்ப வேண்டும். குழு தறிக் கூடங்களுக்குள் போய் உட்கார்ந்து பார்க்கட்டும். மையம் எங்கே, எப்போது, எவ்வளவு செலவில் என்ற அறிக்கையை அன்று அதே மேடையில் படிக்கட்டும்.