ஒண்ணுக்கு நாலு: ஒரு கணக்கு வாத்தியாரின் குதிரைப் பாடம்

கொஞ்சம் நீளமான பதிவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பொறுமையாகப் படியுங்கள்.

போன மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த தம்பி ஒருவன் பாகூரில் என் வீட்டுக்கு வந்தான். வில்லியனூர் பக்கத்துப் பையன். பையன் என்கிறேன், வயது முப்பதைத் தாண்டிவிட்டது, ஒரு பெண் குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. எனக்கு அவன் இன்னமும் கடைசி பெஞ்ச் பிள்ளைதான். அதனால் 'அவன்' என்று எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

காப்பி குடித்து முடித்ததும் போனை நீட்டினான். "சார், நீங்க கணக்கு சார்தானே. இந்த நம்பரெல்லாம் என்னன்னு கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

திரையில் வரிசையாகக் குதிரைகளின் பெயர்கள். பக்கத்தில் 2/1, 4/1, 9/1 என்று எண்கள். இங்கிலாந்தில் செல்ட்னம் என்ற ஊரில் நடக்கும் தடை தாண்டும் குதிரைப் பந்தயம். ஏதோ டெலிகிராம் குழுவில் சேர்ந்து, அங்கே கொடுத்த லிங்க் வழியாக ஐந்து மாதமாகப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறான். அறுபதாயிரம் போய்விட்டது. மனைவியின் ஆரத்தை அடகு வைத்திருக்கிறான். வைத்தது அவளுக்குத் தெரியும், எதற்கு வைத்தான் என்பது தெரியாது. பாப்பாவின் பள்ளிக்கூடச் செலவு என்று சொல்லியிருக்கிறான்.

அவன் விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வரவில்லை. சரியாக ஆடக் கற்றுக்கொண்டு போனதை மீட்க வந்திருந்தான். இதை நன்றாகக் கவனியுங்கள்.

திட்டி அனுப்பியிருக்கலாம். திட்டினால் அடுத்த முறை வேறு யாரிடமாவது போய்க் கேட்பான். "உட்காருப்பா, முழுசா சொல்லித் தரேன்" என்று நோட்டை எடுத்தேன். அந்தப் பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். வில்லியனூர், பாகூர், திருக்கனூர் பக்கம் டீக்கடையில் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் பலருக்கும் இது வேண்டியிருக்கும்.

முதலில் பந்தயம் என்ன என்று பார்ப்போம். நம் ஊர் எல்லையில் அய்யனாருக்கு நிற்கும் மண் குதிரைதான் நமக்குத் தெரிந்த குதிரை. கிண்டியில் ஓடியது சமதளப் பந்தயம், தடை எதுவும் கிடையாது. செல்ட்னத்தில் மார்ச் மாதம் நான்கு நாள் திருவிழா, நாளுக்கு ஏழு என்று 28 பந்தயங்கள். கடைசி நாளில் கோல்டு கப். அதில் மூன்றேகால் மைலுக்கு மேல் ஓட வேண்டும், 22 தடைகளைத் தாண்ட வேண்டும். ஏப்ரலில் எய்ன்ட்ரீ என்ற ஊரில் கிராண்ட் நேஷனல். அது நாலேகால் மைலுக்கு மேல், 30 தடைகள். 40 குதிரைகள் வரை ஓடிய பந்தயம் அது. ஆபத்து அதிகம் என்று 2024 முதல் 34 ஆகக் குறைத்துவிட்டார்கள். செல்ட்னத்தில் முதல் பந்தயம் தொடங்கும்போது இங்கே நமக்கு மாலை ஏழு மணி நெருங்கும். ஷிப்ட் முடிந்து வந்து உட்காரத் தோதான நேரம்.

குதிரையை எப்படிப் பார்ப்பது? முன்பு ஓடிய பந்தயங்களில் எத்தனையாவதாக வந்தது, அந்தத் தூரம் அதற்குப் பழக்கமா, தரை ஈரமா காய்ந்ததா, ஜாக்கி யார், பயிற்சியாளர் யார், எவ்வளவு எடை சுமக்கிறது என்று பார்ப்பார்கள். இதற்கு உண்மையாகவே அறிவு வேண்டும். இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் தடை தாண்டும் பந்தயத்தில் அந்த அறிவையும் கவிழ்க்க ஒரு விஷயம் உண்டு. குதிரை விழும். நன்றாக ஓடும் குதிரையும் முன்னால் விழுந்த குதிரையில் இடறி விழும். 1967 கிராண்ட் நேஷனலில் 23-ஆவது தடையில் ஒரு குதிரை குறுக்கே திரும்ப, பின்னால் வந்தவை ஒன்றோடொன்று மோதி நின்றுவிட்டன. வெகுதூரம் பின்தங்கி வந்த ஃபாயினவன் என்ற குதிரை, நெரிசலில் ஒரு சந்து கண்டுபிடித்துத் தாண்டிப் போய் ஜெயித்தது. அதற்கு ஒண்ணுக்கு நூறு விலை போட்டிருந்தார்கள். இன்று அந்தத் தடைக்கே அந்தக் குதிரையின் பெயர். எந்தப் புத்தகத்தைப் படித்தவன் அதைச் சொல்லியிருக்க முடியும்?

இப்போது எண்களுக்கு வருவோம். 4/1 என்றால் ஒண்ணுக்கு நாலு. நூறு ரூபாய் கட்டி அந்தக் குதிரை ஜெயித்தால் நானூறு லாபம், கட்டிய நூறும் திரும்ப வரும், ஆக ஐந்நூறு. முதலில் வந்தால்தான் பணம் என்பது 'வின்'. முதல் இரண்டு மூன்று இடத்துக்குள் வந்தாலும் பணம் என்பது 'பிளேஸ்', அதில் கிடைப்பது குறைவு. விலை குறைவாக இருக்கும் குதிரை 'ஃபேவரிட்', அதாவது ஜெயிக்கும் என்று பலரும் நம்புவது. இவ்வளவுதான் அரிச்சுவடி. "இது எனக்கே தெரியுமே சார்" என்றான்.

"சரி, ஒரு கணக்கு போடு" என்றேன். நீங்களும் பேப்பர் எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

ஒரு பந்தயத்தில் ஐந்து குதிரைகள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கு 2/1, இரண்டுக்கு 4/1, ஒன்றுக்கு 9/1. எந்தக் குதிரை ஜெயித்தாலும் கைக்கு 3,000 ரூபாய் வர வேண்டும். எந்தெந்தக் குதிரையில் எவ்வளவு கட்ட வேண்டும்?

2/1 குதிரையில் 1,000 கட்டினால் 3,000 வரும். அப்படி இரண்டு, 2,000. 4/1 குதிரையில் 600 கட்டினால் 3,000 வரும். இரண்டுக்கும் 1,200. 9/1 குதிரையில் 300 கட்டினால் 3,000. மொத்தம் 3,500.

கூட்டிப் பார்த்தவன் நிமிர்ந்தான். "ஐந்நூறு இடிக்குது சார்."

இடிக்கிறதல்லவா, அந்த ஐந்நூறுதான் கடைக்காரனின் கூலி. ஐந்து குதிரையில் ஒன்று ஜெயித்தே தீரும். எது ஜெயித்தாலும் உனக்கு 3,000தான், ஆனால் நீ போட்டது 3,500. எந்தக் குதிரை ஓடுவதற்கு முன்பும் அந்த ஐந்நூறு விலைப் பலகையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பத்தாம் வகுப்பில் படித்தோமே, எல்லா நிகழ்தகவுகளையும் கூட்டினால் ஒன்று வரும் என்று. இங்கே கூட்டினால் ஒன்றுக்கு மேல் வரும். மூன்றில் ஒன்று இரண்டு முறை, ஐந்தில் ஒன்று இரண்டு முறை, பத்தில் ஒன்று ஒரு முறை. கூட்டினால் நூற்றுக்கு 116 சொச்சம்.

கிண்டியில் இருந்த 'டோட்' முறையிலும் இதே கதைதான். எல்லோருடைய பணத்தையும் ஒரு பானையில் போட்டு, முதலில் கழிவை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத்தான் ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். அதற்கு மேல் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் குதிரைப் பந்தயத்துக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். ஜெயித்த பணத்துக்கு 30 சதவீதம் வருமான வரி. பத்து முறை தோற்று ஒரு முறை ஜெயித்தால், தோற்றதைக் கழித்துக் காட்ட சட்டத்தில் இடமில்லை. ஜெயித்தது மட்டும்தான் கணக்கு.

இந்த இடத்தில் படித்த நண்பர்கள் சிலர் ஒரு வாதம் வைப்பார்கள். "சார், குதிரைப் பந்தயம் சூதாட்டம் இல்லை, திறமை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே?"

சொன்னது உண்மைதான். தமிழ்நாட்டில் 1974-இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. மெட்ராஸ் ரேஸ் கிளப் நீதிமன்றம் போனது. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இது பெரும்பாலும் திறமை சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பு கொடுத்தது. குதிரைக்குத் திறமை உண்டு, ஜாக்கிக்கு உண்டு, குதிரையைப் படித்துப் பணம் கட்டுபவனுக்கும் கொஞ்சம் உண்டு. நான் மறுக்கவில்லை. ஆனால் திறமை இருந்தால் லாபம் வரும் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. பக்கத்து ஆளைவிட நீ கொஞ்சம் கெட்டிக்காரனாக இருந்தால் போதாது. கழிவு, வரி எல்லாம் போக மிச்சம் நிற்கும் அளவுக்குக் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும். செல்ட்னம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாமல், அந்தக் குதிரையைக் கண்ணால் பார்க்காமல், மேட்டுப்பாளையத்திலிருந்து கட்டுபவனுக்கு அது நடக்குமா?

இதைச் சொல்ல எனக்கென்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். இருக்கிறது. எழுபதுகளில் சென்னையில் படித்தபோது விடுதி நண்பர்களோடு மின்சார ரயிலேறிக் கிண்டிக்குப் போனேன். முதல் நாள் ஐந்து ரூபாய் கட்டி முப்பது ரூபாய் வாங்கினேன். அன்றைக்குத் தோற்றிருந்தால் அத்தோடு போயிருக்கும். ஜெயித்ததால்தான் அடுத்த வாரம் போனேன், அதற்கடுத்த வாரமும் போனேன். கடைசியில் மெஸ் பணத்தையும் விட்டுவிட்டு, ஊரிலிருந்து அப்பாவிடம் புத்தகம் வாங்க வேண்டும் என்று பொய் சொல்லிப் பணம் வரவழைத்தேன். அவர் அரை மூட்டை நெல் விற்று அனுப்பியிருந்தார். இந்தத் தம்பி பாப்பாவின் பள்ளிக்கூடச் செலவு என்று சொன்னபோது எனக்கு அந்த மணியார்டர்தான் ஞாபகம் வந்தது.

ஆனாலும் அந்தக் காலத்தில் ஒரு வேலி இருந்தது. கிண்டிக்குப் போக வேண்டும், வாரத்தில் சில நாள்தான் பந்தயம், பையில் இருப்பது தீர்ந்தால் நடந்தே திரும்ப வேண்டும். இன்றைக்கு அந்த வேலி இல்லை. 2024-இல் ஊட்டி பந்தயத் திடலையும், செப்டம்பரில் கிண்டியின் 160 ஏக்கரையும் குத்தகை பாக்கிக்காகத் தமிழ்நாடு அரசு எடுத்துக்கொண்டது. 2025 ஆகஸ்டில், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து நாடாளுமன்றம் சட்டம் போட்டது. நடத்துபவனுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுபவனுக்குத் தண்டனை இல்லை, அவன் பாதிக்கப்பட்டவன் என்பதே அதன் பார்வை. நல்ல சட்டம், வரவேற்கிறேன். ஆனாலும் அந்தத் தம்பியின் போனில் லிங்க் வந்துகொண்டுதானே இருக்கிறது? திடலுக்குப் பூட்டுப் போடலாம். சட்டைப் பையில் இருக்கும் திடலை எப்படிப் பூட்டுவது?

அதனால் என் கருத்து இதுதான். சட்டம் இருக்கட்டும், கூடவே கணக்கும் வேண்டும். நம் பள்ளிகளில் நிகழ்தகவு நடத்துகிறோம். நாணயம், பகடை, சீட்டுக்கட்டு என்று நானே முப்பது வருடம் நடத்தினேன். விடையைப் பின்னமாக எழுதச் சொல்லி ஐந்து மதிப்பெண் போட்டேன். அந்தப் பகடையை வைத்து ஒருவன் கடை போட்டால் அவன் எப்படிச் சம்பாதிக்கிறான் என்று ஒரு நாளும் சொல்லித் தரவில்லை. இந்தத் தம்பி என் வகுப்பில் நிகழ்தகவில் முழு மதிப்பெண் வாங்கியவன். அவன் தோற்றதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

ஆசிரிய நண்பர்களே, அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறிவிட்டன, புத்தகம் எதுவானாலும் அந்தப் பாடம் பத்தாம் வகுப்பில் இருக்கிறது. மேலே சொன்ன ஐந்து குதிரைக் கணக்கை ஒரு பீரியடு நடத்துங்கள். சூது தீது என்று சொல்ல வேண்டாம், அதை அவர்கள் கேட்டுச் சலித்துவிட்டார்கள். 3,500 போட்டால் 3,000 வருகிறது என்று அவர்களே கூட்டிக் கண்டுபிடிக்கட்டும். நம் பக்கத்து மூன்று நம்பர் லாட்டரிக்கும் அதே கணக்கைப் போடச் சொல்லுங்கள். 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். ஜெயித்தால் ஆயிரம் மடங்கு தருகிறானா என்று கேட்டால் போதும்.

அந்தத் தம்பி போகும்போது, "செல்ட்னம் முடியற வரைக்கும் பணம் கட்டாதே, ஒவ்வொரு பந்தயத்துக்கும் இந்தக் கூட்டலை மட்டும் போட்டு எனக்கு அனுப்பு" என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். ஏழு பந்தயத்துக்குப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். ஏழிலும் நூறைத் தாண்டித்தான் வந்திருந்தது. எட்டாவது அனுப்பவில்லை. பயந்துபோய் போன் செய்தேன். "அந்த ஆப்பையே எடுத்துட்டேன் சார்" என்றான்.

"வீட்டுல சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல சார்."

அது கூட்டலைவிடக் கஷ்டமான பாடம். என் அப்பா போய்ப் பல வருடம் ஆகிறது, அந்த அரை மூட்டை நெல்லைப் பற்றி நான் கடைசி வரை அவரிடம் சொல்லவில்லை. அதை அவனிடம் சொன்னேன். இந்த வாரம் சொல்கிறேன் என்றிருக்கிறான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். கத்தாதீர்கள். ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். கணக்கில் சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்கள், எனக்கு இப்போது நேரம் நிறைய இருக்கிறது.